இவருக்குப் பதில் இவர்: டாக்டர் ஹூவுக்கு அடுத்து எந்த முகம்?

நீலப்பெட்டி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அம்மா பார்க்கிற சீரியலில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இது நடக்கும். மருமகள் காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து வருவாள். படம் அப்படியே நிற்கும். கீழே எழுத்து வரும்: ‘இவருக்குப் பதில் இவர்’. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “என்னடா இது, அந்தக் களையே இல்லையே இவளுக்கு” என்பார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பழைய மருமகள் முகம் அவருக்கே நினைவிருக்காது.

1966-இல் பிபிசிக்கு வந்ததும் இதே தலைவலிதான். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் போகிற ‘டாக்டர்’ என்பவரைப் பற்றிய தொடர் ‘டாக்டர் ஹூ’. அது தொடங்கி மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போய், வசனம் நழுவ ஆரம்பித்துவிட்டது. தொடரை மூட மனமில்லை. அவர்கள் கீழே எழுத்துப் போடவில்லை, ஆள் மாறுவதையே கதையாக்கிவிட்டார்கள். வேற்றுக்கிரகத்து ஆள்தானே, சாகிற நேரத்தில் உடம்பை மாற்றிக்கொள்வார் என்று ஒரே போடு. 1966 அக்டோபர் 29 அன்று, தரையில் கிடந்த கிழவரின் முகம் வெளிச்சத்தில் கரைந்து பேட்ரிக் ட்ரவ்டனின் முகமானது. அந்த அத்தியாயத்தின் நாடா இன்று இல்லை. பழையதை அழித்துவிட்டு அதே நாடாவில் புதிதைப் பதிவுசெய்த காலம் அது. இந்தச் சில நொடிகளை மட்டும் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் பிழைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 மே 31 அன்று, டாக்டராக நடித்துவந்த ஷூட்டி கட்வா விடைபெற்றார். ஒளி அடங்கியதும் நின்றவர் பில்லி பைப்பர். 2005-இல் டாக்டரோடு பயணம் போகிற ரோஸாக வந்து நம்மையெல்லாம் இந்தத் தொடருக்குள் கையைப் பிடித்து இழுத்துப் போட்டவர். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. 2022 அக்டோபரில் ஜோடி விட்டேகர் போனபோது வந்து நின்றதும், முன்பே டாக்டராக நடித்துப் போன பழைய டேவிட் டென்னன்ட்தான். ஆக, கடைசி மூன்று மாற்றங்களில் இரண்டு தடவை பழைய முகம். ஆளை மாற்றியே பிழைத்த தொடர், ஆளை மாற்றப் பயப்படுகிறது என்பதுதான் எனக்குத் தெரிகிறது. அப்புறம், தயாரிப்பில் கூட்டுச் சேர்ந்திருந்த டிஸ்னி கழன்றுகொண்டது. இனி 2026 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயம்தான், அதைத் தொடரின் தலைமை எழுத்தாளர் ரசல் டி டேவிஸ் எழுதுகிறார்.

என் கட்சி இதுதான்: அடுத்து நிலையாக வருகிறவர் நமக்கு முன்பின் தெரியாத முகமாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். எங்கள் தெருவில் வேப்பமரம் கம்பியோடு சாய்ந்து, கரண்ட் எப்போது வரும் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. புயலுக்கு முன்னால் நண்பன் ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தான். அதில், டென்னன்ட்டுக்கு அடுத்து டாக்டராக வந்த மேட் ஸ்மித்தின் முதல் அத்தியாயம். நான் அதைத் தொடவே இல்லை. டென்னன்ட் போன துக்கம். இந்த ஆளுக்கோ, அறிவித்தபோது 26 வயது. பொடியன். மடிக்கணினியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று பார்த்தேன், 40 நிமிடம் காட்டியது. வேறு வேலையும் இல்லை.

நள்ளிரவில் ஒரு சின்னப் பெண்ணின் வீட்டுத் தோட்டத்தில் டார்டிஸ் விழுகிறது, அதுதான் நீலப்பெட்டி வடிவில் இருக்கும் டாக்டரின் காலப்பயண வண்டி. கிழிந்த சட்டையோடு ஏறி வருகிறார். பசி. ஆப்பிள் கேட்கிறார், கடித்ததும் துப்புகிறார். தயிர், துப்புகிறார். பன்றிக்கறி, பீன்ஸ், எல்லாம் வேண்டாம். வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தட்டோடு வாசலில் வீசி, “வெளியே போ, திரும்பி வராதே” என்கிறார். கடைசியில் மீன் வறுவலைக் கஸ்டர்டில் தொட்டுத் தின்கிறார். நாம் வஞ்சிரத்தைப் பாயசத்தில் முக்கித் தின்றால் எப்படி இருக்கும், அப்படி. புது உடம்புக்குப் புது நாக்கு, எது பிடிக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து ஐஸ்கிரீமைக் கரண்டியால் தோண்டித் தின்றுகொண்டே பார்க்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன். நான் அன்று மூன்றாவது நாளாகக் கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும். கணினி அணைந்தபோது டென்னன்ட் எனக்கு அம்மாவின் பழைய மருமகளாகிவிட்டிருந்தார்.

தெரியாத முகம் வந்தால்தான் இது நடக்கும். தெரிந்த முகம் வந்தால் “அட, அவங்களா!” என்போம், அதோடு சரி.

ரெண்டு இருதயம் (லாஸ்பேட்டை)

அண்ணே, கஞ்சிக் கதை நன்றாக இருக்கிறது. வாதம் நிற்கவில்லை. தெரியாத முகம்தான் வந்தது என்று யார் சொன்னது? பீட்டர் டேவிசன் வரும்போதே பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த நடிகர். 2005-இல் டாக்டராக வந்த எக்கிள்ஸ்டன் ஏற்கெனவே பேர் வாங்கினவர். ஸ்மித்துக்கு அடுத்து வந்த பீட்டர் கபால்டியை ஊரே அறியும். கட்வாவும் அப்படித்தான். ஸ்மித் உங்களுக்குப் புதுசு, ஏனென்றால் நீங்கள் கடலூரில் இருந்தீர்கள். நமக்கு எல்லாருமே புதுமுகம்தான்.

இன்னொன்று. பைப்பரை ரோஸாகப் போட்டபோது என்ன பேசினார்கள் என்று மறந்துவிட்டதா? 15 வயதில் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாப் பாடகி. “பாட்டுக்காரப் பொண்ணுக்கு நடிப்பு வருமா” என்று சிரித்தார்கள். முதல் அத்தியாயத்தில் வாயை அடைத்தார். அவர் இரண்டாம் தடவையும் அடைப்பார்.

முள்ளோடை செக்போஸ்ட்

யார் வேண்டுமானாலும் வரட்டும். வருகிறவருக்கு வேலை கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஹார்ட்னெல்லின் முதல் சுற்று 42 வாரம் ஓடியது. எக்கிள்ஸ்டன் ஒரே வருடம் இருந்துவிட்டுப் போனார், அதிலேயே 13 அத்தியாயம். கட்வாவுக்குச் சுற்றுக்கு எட்டே எட்டு. இரண்டு சுற்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு. முதல் சுற்றில் அவருக்கு வேறொரு தொடரின் படப்பிடிப்பும் இருந்ததால் சில அத்தியாயங்களில் ஆளே அதிகம் தென்படவில்லை. எட்டில் அதையும் கழித்தால் என்ன மிஞ்சும்? பழகுவதற்குள் டாட்டா காட்டிவிட்டார். முகத்தில் குறை இல்லை, வாரக்கணக்கில்தான் குறை.

பழைய கலங்கரை (புதுச்சேரி)

தம்பிகளே, நான் கொஞ்சம் வயசாளி. 1984-லும் 85-லும் லண்டனில் வேலை. நாலு பேர் தங்கிய அறையில் வாடகைக்கு எடுத்த டிவி, அதில் பார்ப்போம். ஆள் மாற்றம் சொதப்பினால் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டேவிசன் சாந்தமான டாக்டர். பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. 1984 மார்ச்சில் அவர் போய்க் காலின் பேக்கர் வந்தார். வந்த முதல் கதையிலேயே, மூளை குழம்பிய நிலையில், கூட வந்த பெண்ணின் கழுத்தை நெரிக்கிறார். போட்டிருந்த கோட்டோ, தையல்கடையில் மிஞ்சிய துண்டுகளை எல்லாம் ஒட்டுப்போட்ட மாதிரி. சரி, அடுத்த வாரம் தெளிந்துவிடுவார் என்று பார்த்தால், அந்தச் சுற்றின் கடைசிக் கதையே அதுதான்! அடுத்த கதை 1985 ஜனவரியில். ஒன்பது மாதத்துக்கு மேல் அந்தக் கசப்போடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் அறையில் ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார், அதோடு பார்ப்பதையே விட்டார்.

1985-இல் தொடரையே 18 மாதம் நிறுத்திவைத்தார்கள். திரும்ப வந்தும் தேறவில்லை. காலின் பேக்கரை எடுத்துவிட்டார்கள். ஆள் மாறும் காட்சிக்கு மட்டும் வந்து போங்கள் என்று கூப்பிட்டபோது அவர் மறுத்துவிட்டார். மானமுள்ளவர் வேறு என்ன செய்வார்? 1987-இல் சில்வெஸ்டர் மெக்காய்க்கே காலின் பேக்கரின் சுருட்டை முடியை விக்காக மாட்டித் தரையில் குப்புறப் போட்டார்கள். திருப்பினால் மெக்காய். அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் எனக்குச் சங்கடம். நல்ல நடிகர் அவர். பிற்பாடு ஒலி நாடகங்களில் அதே டாக்டராகப் பேசிப் பேசி மீட்டுக்கொண்டார்.

இதோடு கபால்டி வந்த விதத்தை ஒப்பிடுங்கள். ஸ்மித்தோடு பயணம் போய்ப் பழகிய கிளாரா, இந்த நரைத்த ஆளைப் பார்த்து மிரள்கிறாள். முதல் அத்தியாயம் முடியும் இடத்தில் அவளுக்கு ஒரு போன் வருகிறது. பேசுவது ஸ்மித். சாவதற்கு முன்னால் போட்ட போன். ‘அவன் உன்னைவிடப் பயந்துபோயிருக்கிறான், கூட இரு’ என்கிறார். பழையவரே வந்து புதியவருக்காகச் சிபாரிசு செய்கிறார். புது மனிதரை வீட்டுக்குள் விடும்போது பெரியவர் ஒருவர் கூட வந்து நிற்பதில்லையா, அது.

ஆகவே நீலப்பெட்டித் தம்பி, புதுசா பழசா என்று பார்க்காதீர்கள். எப்படிக் கூட்டிவருகிறார்கள் என்று பாருங்கள்.

தோசைக்கல் (முதலியார்பேட்டை)

யாரும் விட்டேகரைப் பற்றிப் பேசவில்லையே, அவரைத் தாண்டிக் குதித்துப் போகிறீர்கள். வழக்கம்போல.

2017 ஜூலையில் அவர் பெயரை அறிவித்த அன்று நான் படித்த பேச்சுகளை இங்கே எழுத முடியாது. பொம்பளை டாக்டரா, கதை முடிந்தது, அது இது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது, இந்தச் சண்டை எதுவும் தெரியாது. அடுத்த வருடம் முதல் அத்தியாயம் பார்த்தாள். ரயில் கூரையைப் பொத்துக்கொண்டு விழுகிறார், தன் பெயர் நினைவில்லை, கையில் டாக்டரின் மந்திரக்கோல் மாதிரியான அந்த சோனிக் ஸ்க்ரூடிரைவர் இல்லை. இல்லாவிட்டால் என்ன? ஷெஃபீல்டில் ஒரு பட்டறைக்குப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, கரண்டிகளை உருக்கித் தானே ஒன்று செய்கிறார். தீப்பொறி பறக்கிறது.

மறுநாள் காலையில் சட்னிக் கரண்டியைக் காணோம். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, கரண்டிக் காம்பில் சாவிக்கொத்து டார்ச்சை வைத்துக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் என் மாமியாரின் மருந்துப் பெட்டி, அதுதான் டார்டிஸாம். இன்றைக்கும் அந்தக் கரண்டி டேப் பிசுக்கோடு என்னிடம் இருக்கிறது. பாப் பாடகி, பொடியன், கிழவர், பெண் என்று நாம் வைத்த பெயர் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்காக அந்த மூன்று சுற்றையும் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன். கூட்டாளிகள் மூன்று பேரை ஏற்றிவிட்டு ஆளுக்கு ஒரு வசனம் பிரித்துக் கொடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருந்தார். கபால்டிக்குக் கிடைத்த மாதிரி, தனியாக ஒரு கோட்டைக்குள் அடைபட்டு, சுவரைக் கையால் குத்திக் குத்தி உடைக்கிற ஒரு மணி நேரம் விட்டேகருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாதவர்களை விட்டுவிட்டு அவரைத் திட்டினார்கள்.

முள்ளோடை செக்போஸ்ட்

அக்கா, அந்த மூன்று பேரில் யாஸ் நல்ல பாத்திரம்தானே? பஞ்சாப் பிரிவினை அத்தியாயம் அவரை வைத்துத்தான்.

தோசைக்கல் (முதலியார்பேட்டை)

அது தனி. 2018 நவம்பர் 11. யாஸின் பாட்டியின் முதல் கல்யாணத்தைப் பார்க்க 1947-க்குப் போகிறார்கள், பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் திரும்ப வேண்டும். எழுதியவர் வினய் படேல். டாக்டர் காப்பாற்றாமல் நடந்து போகிற கதை. நான் அழுதேன். மகள் தூங்கிவிட்டாள்.

புதுசா வந்தவன்

மன்னிக்கணும், வழி தவறி வந்துவிட்டேன். வெள்ளைக்காரன் சீரியலில் யார் ஹீரோ என்பதற்கு நம்ம ஊரில் இவ்வளவு சண்டையா? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டு இருதயம் (லாஸ்பேட்டை)

வாங்க தம்பி. 1963-இல் முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், அப்போது 24 வயது. தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட், அவருக்கும் முப்பது ஆகவில்லை. ஒரு இந்திய இளைஞனும் ஒரு இளம்பெண்ணும் சேர்ந்து ஆரம்பித்துவைத்த வண்டி இது. 2025-இல் டாக்டரோடு பயணம் போன நர்ஸ் பெலிண்டாவாக நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர். சம்பந்தம் போதுமா? உட்காருங்க, டீ சொல்கிறேன்.

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர் பக்கம்)

பழைய கலங்கரை ஐயா எப்படிக் கூட்டிவருகிறார்கள் என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கூத்து ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் பெரியப்பா கூத்தில் வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்தளம் முழங்கும். புது வேஷம் வரும்போது சட்டென்று வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால். முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத் திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால். பாட்டு வரும். கால் தாளம் போடும். ஒரு பக்கமாகத் திரையை ஒதுக்கிப் பாதி முகம் காட்டி மறைவார். பொடிசுகள் எல்லாம் எம்பி எம்பிப் பார்ப்போம். கட்டியங்காரன் “வந்திருப்பது யாரு?” என்று கேட்பான். வேஷம் தன் பேர், ஊர், குலம் எல்லாம் சொல்லும். அதற்குப் பிறகுதான் திரை விலகும். அதற்குள் நாங்கள் அவரைத் துரியோதனன் என்று ஒப்புக்கொண்டிருப்போம். உள்ளே இருப்பது போன வருஷத்து ஆளா, புது ஆளா என்று கேட்கிற கிழவர்கள் உண்டு. ஆனால் திரை விலகின பிறகு அதைக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர் முறைப்பார்.

பெரியப்பா இருபது வருஷம் பாஞ்சாலி கட்டினார். ஆம்பிளைதான். துகில் உரிகிற ராத்திரியில் அவர் அழுதால் பெண்கள் கூட்டம் எழுந்து கும்பிடும். அதனால் தோசைக்கல் அக்கா, பொம்பளை டாக்டரா என்று கேட்டவர்களை எங்கள் ஊருக்கு அனுப்பிவையுங்கள்.

இப்போது நீலப்பெட்டிக்கு ஒரு கேள்வி. வயசாகி இடுப்பு பெருத்ததும் பெரியப்பா பாஞ்சாலியை விட்டுவிட்டார். அடுத்த வருஷம் அதே கோயில், அதே களம், தர்மராக வந்தார். “போன வருஷம் இவர்தானே பொண்டாட்டி” என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாஞ்சாலி தர்மராகலாம், ரோஸ் டாக்டராகக் கூடாதா?

ரெண்டு இருதயம் (லாஸ்பேட்டை)

கெடிலக்கரை அண்ணே, காலில் விழுகிறேன்.

தொடரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. காலின் பேக்கர் டாக்டராவதற்கு முன்னால் 1983-இல் ஒரு காவல் அதிகாரியாக வந்து டேவிசனைத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்! கபால்டி 2008-இல் பாம்பேயி நகரத்துக் குடும்பத் தலைவராக வந்தார். எரிமலையிலிருந்து டென்னன்ட் காப்பாற்றிய ஆள். பின்னால் அவரே டாக்டரானதும் அந்த முகம் ஏன் வந்தது என்பதையே ஒரு கதையாக்கினார்கள். வரதா சேதுவும் 2024-இல் ஒரு அத்தியாயத்தில் படைவீராங்கனையாக வந்துவிட்டுத்தான் மறு வருடம் பெலிண்டா ஆனார். பழைய முகம் வருவது பயம் என்றால் இவர்கள் நாற்பது வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

நீலப்பெட்டி (மஞ்சக்குப்பம், கடலூர்)

நல்ல அடி. ராத்திரி முழுக்க யோசித்தேன், மொட்டைமாடியில் கொசு வேறு.

கபால்டியை யார் அடையாளம் கண்டு கத்தினார்கள்? ஒரு அத்தியாயம் வந்துபோனவர். ரோஸ் இரண்டு சுற்று, டாக்டரே காதலித்த பெண். அந்த முகத்தைப் பார்த்ததும் நமக்கு வருவது ரோஸின் ஞாபகம். அது கிரீடம் இல்லாமல் வரும் வேஷம் மாதிரி. கெடிலக்கரை அண்ணன் பெரியப்பாவுக்கு அரிதாரம் இருந்தது. முகம் முழுக்கப் பூச்சு, மீசை, கட்டை, கிரீடம். பாஞ்சாலி போய்த் தர்மர் வந்தார் என்றால் உள்ளே இருந்தவர் மறைந்துவிட்டார். இந்தத் தொடரில் அரிதாரம் கிடையாது. வெறும் முகம். யாருடைய முகமோ அதற்கேற்ற கதைதான் பிறக்கும்.

அதற்குக் கட்வாவே உதாரணம். 2024-இல் ஒரு அத்தியாயம். எல்லாரும் வெள்ளையர்களாக வாழும் ஒரு பணக்கார நகரம், எல்லோர் தலையைச் சுற்றியும் குமிழி மாதிரி ஒரு திரை. நகரத்தையே பூதங்கள் தின்கின்றன. டாக்டர் கடைசியில் டார்டிஸில் ஏற்றிக் காப்பாற்றுகிறேன் என்று கூப்பிடுகிறார். அவர்கள் வர மறுக்கிறார்கள். ஏன் என்று அவர்கள் வாயால் முழுதாகச் சொல்வதுகூட இல்லை. அவர் நிறம்தான். முதலில் கெஞ்சுகிறார், பிறகு சிரிக்கிறார், பிறகு அலறுகிறார். அறுபது வருடத்தில் டாக்டரை யாரும் அந்த மாதிரி வாசலில் நிறுத்தியதில்லை. ஏனென்றால் அதுவரை வந்த நிலையான டாக்டர்கள் அத்தனை பேரும் வெள்ளை. முகம் புதுசு, அதனால் அடியும் புதுசு.

பழைய கலங்கரை (புதுச்சேரி)

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. லண்டனில் அறை வாடகைக்குக் கேட்டுப் போய், கதவு திறந்ததும் ‘ஆள் வந்துவிட்டார்’ என்று கேட்டவன் நான். அந்தக் காட்சியை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

தோசைக்கல் (முதலியார்பேட்டை)

ஐயா...

முள்ளோடை செக்போஸ்ட்

அதே மாதிரி 2025-இல் லாகோஸ் முடிதிருத்தும் கடை அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியவர் இனுவா எல்லம்ஸ். டாக்டர் சும்மா முடிவெட்டிக்கொள்ளப் போகிற கடை. இந்த உடம்பு வந்த பிறகு, தன்னை ஏற இறங்கப் பார்க்காத இடம் அது என்று பெலிண்டாவிடம் சொல்கிறார். போனால் கடையே சிறை, நாற்காலியில் உட்காருகிறவர் கதை சொல்லியாக வேண்டும், அந்தக் கதைதான் எஞ்சினுக்கு எரிபொருள்.

நான் முடிவெட்டுகிற கிருமாம்பாக்கம் சலூனும் கிட்டத்தட்ட அதேதான். அரசியல் பேசாமல் எழுந்து போக விடமாட்டார்.

கட்வாவுக்கு இன்னும் பத்து அத்தியாயம் இப்படிக் கிடைத்திருந்தால் நாம் இந்தப் பேச்சையே பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ரெண்டு இருதயம் (லாஸ்பேட்டை)

சரி, பாதி இறங்கிவருகிறேன். வெறும் முகம் என்ற வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது என் பக்கமும் பேசுகிறது அண்ணே. ரோஸின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிற டாக்டருக்கு என்ன ஆகும்? இழந்தவள் முகத்தையே போட்டுக்கொண்டு திரிய வேண்டும். பல் தேய்க்கும்போது தினமும் அவள். அதுவும் இதுவரை எழுதாத கதைதானே? அதோடு, முடிவில் பெயர் போடும்போது கவனித்தீர்களா, ‘பில்லி பைப்பர் அறிமுகம்’ என்று மட்டும்தான் வந்தது, ‘டாக்டராக’ என்று போடவில்லை. திரை இன்னும் முழுசா விலகவில்லை.

நீலப்பெட்டி (மஞ்சக்குப்பம், கடலூர்)

பல் தேய்க்கிற காட்சி... அதை எழுதினால் பார்ப்பேன். ஒரே ஒரு அத்தியாயம். கிறிஸ்துமஸுக்கு அது போதும். அப்புறம் நிலையாக ஓட்ட ஒரு புது ஆளைக் கொண்டுவரட்டும். டாம் பேக்கர் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ஏழு சுற்று ஓட்டினார். அந்த மாதிரி எங்கேயோ ஒருத்தர் சாரத்தில் நிற்கிறார் என்று நம்புகிறேன். பெண்ணாகவும் இருக்கலாம்.

புதுசா வந்தவன்

எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள். அறுபது வருஷத்தையும் பார்க்க முடியாது.

தோசைக்கல் (முதலியார்பேட்டை)

2005 முதல் அத்தியாயம். பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துச் சிரிப்பு வரும், வரட்டும். 13 அத்தியாயம் முடிந்ததும் டென்னன்ட் வருவார். அவருடைய முதல் கிறிஸ்துமஸ் கதையில் முக்கால்வாசி நேரம் பைஜாமாவோடு தூங்குவார், பூமியில் எல்லாரும் அலறிக்கொண்டிருப்பார்கள். அவரை எழுப்புவது எது தெரியுமா? ஃபிளாஸ்கிலிருந்து சிந்திய டீயின் ஆவி. அந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், உங்களுக்கு ஆகாது.

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர் பக்கம்)

அரிதாரம் வாதத்தைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு டாக்டர் ஹூவும் தெரியாது ஒன்றும் தெரியாது. “பூச்சு முகத்தை மறைக்கும்டா, குரலை எப்படி மறைக்கும்? தர்மரா நான் வாயைத் திறந்ததுமே எல்லாருக்கும் பாஞ்சாலி கேட்டுது. அதனாலதான் முதல் ரெண்டு ராத்திரி கம்மியாப் பேசினேன்” என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய விஷயம், இப்போதுதான் சொல்கிறார்.

நீலப்பெட்டி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அண்ணே, பெரியப்பாவை நான் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அடுத்து எப்போது கூத்து?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர் பக்கம்)

வர்ற வெள்ளிக்கிழமை கர்ண மோட்சம். பெரியப்பா இப்போது வேஷம் கட்டுவதில்லை, திரை பிடிக்கிறார். பாய் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள்.

ரெண்டு இருதயம் (லாஸ்பேட்டை)

நானும் வருகிறேன். திரும்பிப் பாண்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர் பக்கம்)

கடைசி பஸ் எதுக்கு? கர்ணன் சாகவே விடிந்துவிடும். முதல் பஸ்ஸில் போங்க.